அரசறிவியலாளரும் பொதுவிவகாரமும்: ஜெயரத்தினம் வில்சனின் இரு நூல்களை முன்வைத்து ஒரு நோக்கு

இலக்கிய விமர்சனத்தைத் தொழிலாகக் கொண்டோர் அரசறிவியல் நூல்களைப் பற்றி எழுதப் புகுவது வரம்பு மீறலாகச் சிலருக்குத் தோன்றலாம். அரசறிவியலாளர் எழுதுவனவற்றுள் மெய்ம்மை உண்டு, தரவு உண்டு, இலக்கியகாரனுக்கு அங்கு என்ன வேலை என வினவுவோரும் உளர். ஆயின், உரைநடை நூல் எதுவாயினும் அது ஒருவரால், ஒருவரை விளித்து, குறித்ததொரு வரலாற்றுச் சூழலில் எழுதப்படுவதேயாம். சொல்பவர் யார், கேட்பவர் யார், இருவருக்குமிடையே நிற்கும் சமூக உறவு யாது என்ற வினாக்களை நாவலிடம் கேட்கும் உரிமை எமக்கு உண்டெனில், அரசியல் யாப்பைப் பற்றிய நூலிடமும் அவற்றைக் கேட்கலாம். இக்கட்டுரையில் நாம் மேற்கொள்ள முனைவது அவ்வளவே.

பல்கலைக்கழகத்தார் பொதுவிவகாரங்களில் ஈடுபடவேண்டும் என்ற குரல் இந்நாட்டில் அவ்வப்போது உரத்துக் கேட்பதுண்டு. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கவேண்டுமென 2012 இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மூன்று மாதங்களுக்கு மேலாக வேலைநிறுத்தம் செய்தபோது அது கேட்டது. 2022 இன் மக்கள் கிளர்ச்சியின்போது மீண்டும் கேட்டது. 2012 போராட்டத்தில் முன்னின்ற விரிவுரையாளர்களுள் ஒருவர் 2024 செப்டெம்பரில் பிரதம மந்திரியாகப் பதவியேற்றபொழுது, ஈடுபாடு வேண்டுமா வேண்டாமா என்ற பழைய விவாதம் முடிந்துவிட்டதெனப் பலர் கருதினர். எமது அபிப்பிராயத்தில் அவ்விவாதம் என்றுமே பொருளற்றது. புலமையாளர் பொதுவாழ்வுக்கு வெளியே நின்ற காலம் இலங்கையில் இருந்ததில்லை. யாருடைய அறையில் நின்றார்கள், யாரை நோக்கிப் பேசினார்கள் என்பதே கேள்வி.

இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்த கதையே இதற்குச் சான்று. 1942 இல் அதன் முதலாவது உபவேந்தராகப் பொறுப்பேற்ற ஐவர் ஜென்னிங்ஸ் அரசியல் யாப்பு விற்பன்னர். பேராதனையின் கட்டடங்களைத் திட்டமிட்ட அதே கை, டி. எஸ். சேனநாயக்கவுக்கு ஆலோசனை கூறி, பின்னர் சோல்பரி யாப்பாக உருப்பெற்ற வரைவையும் செப்பனிட்டது. அவ்யாப்பின் 29ஆம் பிரிவு எந்தச் சமூகத்துக்கும் பாரபட்சமான சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என விதித்தது. சொற்கள் தெளிவானவை; ஐயத்துக்கிடமற்றவை. ஆயினும் 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளர் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியபோது அச்சொற்கள் அவர்களைக் காக்கவில்லை. வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்று 1953 இல் தோற்றது. எழுத்தில் இருந்த பாதுகாப்பு ஏன் வாழ்வில் இல்லாது போயிற்று என்ற வினாவை அன்றைய அரசறிவியல் வகுப்பறை எவ்வாறு எதிர்கொண்டது? பெரும்பாலும் சட்டப்பிரிவின் வாசகம் போதாமையால் என்றே. தேயிலைத் தோட்டத் தொழிலாளி இடதுசாரி வேட்பாளர்களுக்கு அளித்த வாக்கு 1947 தேர்தலில் ஆளும் வர்க்கத்தைக் கலக்கமுறச் செய்தது என்ற உண்மை வாசகத்துக்கு வெளியே கிடந்தமையால், அது பாடத்துக்கும் வெளியே கிடந்தது.

இந்த மரபிலேதான் ஏ. ஜெயரத்தினம் வில்சனை வைத்து நோக்கவேண்டும் என நாம் கருதுகிறோம். 1952 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்து, 1969 இல் பேராதனையில் அரசறிவியல் துறையின் முதற் பேராசிரியரானவர் அவர். 1972 இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 2000 இல் ரொறன்ரோவில் காலமானார். எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் மருமகன் என்பது அவரது புலமைக்குப் புறம்பான செய்தியெனச் சிலர் ஒதுக்குவர். நாம் அவ்வாறு ஒதுக்குவதற்கில்லை. 1978 தொடக்கம் 1983 வரை ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனவுக்கும் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கும் இடையில் அவர் தூது சென்றமைக்கு அவரது பட்டங்கள் எத்துணை காரணமோ, அத்துணை காரணம் அவ்வுறவு முறையுமாகும். இலங்கையின் மேற்றட்டு அரசியலில் பேராசிரியப் பதவியும் கலியாணச் சம்பந்தமும் ஒரே வீட்டின் இரு வாயில்களாக இருந்து வந்துள்ளன.

அவரது நூல்கள் பல. அவற்றுள் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதலாவது, 1978 யாப்பைப் பற்றி 1980 இல் வெளிவந்த 'ஆசியாவில் டிகோல் முறை' எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்ட நூல். மற்றையது, 1988 இல் வெளிவந்த 'இலங்கையின் உடைவு'. இரண்டும் ஆங்கில நூல்கள். இடைப்பட்ட காலம் எட்டே ஆண்டுகள். ஒன்று புதிய யாப்பில் நம்பிக்கைக்குரிய கூறுகளைத் தேடிக் கண்டது. மற்றது நாடு மனத்தளவில் ஏற்கெனவே இரண்டாகிவிட்டது என்ற முடிபுக்கு வந்தது. ஒரே ஆசிரியர், ஒரே அரசு, ஒரே ஜனாதிபதி. இந்த எட்டாண்டுத் தூரத்தை விளங்கிக்கொள்வதே எமது நோக்கம். ஆசிரியர் மனம் மாறினார் என்று கூறி அமைதல் போதாது.

1980 நூலின் பலம் அதன் ஒழுங்கு. பிரான்சின் ஐந்தாம் குடியரசை ஒப்பாகக் கொண்டு, நிறைவேற்று ஜனாதிபதிப் பதவி, விகிதாசாரத் தேர்தல், பாராளுமன்றத்தின் புதிய நிலை என உறுப்புறுப்பாகப் பிரித்து விளக்கும் திறன் வில்சனுக்கு உண்டு. யாப்புப் பற்றிய வாதங்களுள் சிறுபான்மையினர் குறித்த வாதமே இன்றும் எடுத்துப் பேசத்தக்கது. முழு நாட்டையும் ஒரே தொகுதியாகக் கொண்டு ஜனாதிபதி தெரிவுசெய்யப்படுவதால், பெரும்பான்மைச் சமூகத்தின் வாக்கு இரு கட்சிகளுக்கிடையே பிளவுபடும்போது, வெல்ல விரும்புபவர் தமிழரதும் முஸ்லிம்களதும் வாக்கை நாடியே தீரவேண்டும். ஆகவே பதவியின் அமைப்பே இனங்களிடையே இணக்கத்தை வேண்டி நிற்கும் என்பது அவ்வாதத்தின் சாரம்.

இதனை முற்றாகப் பிழையென ஒதுக்கிவிட முடியாது. 1994 இல் சந்திரிகா குமாரதுங்க பெற்ற பெருவெற்றியில் சிறுபான்மையினர் வாக்குக்குப் பங்குண்டு. 2015 ஜனவரியில் மைத்திரிபால சிறிசேன வென்றமைக்கு வடக்குக் கிழக்கு வாக்குகள் இன்றியமையாதவையாக இருந்தன. வில்சன் உயிரோடிருந்திருப்பின் அன்று தமது கணக்கு நிறுவப்பட்டதென மகிழ்ந்திருக்கக்கூடும். ஆனால் 2019 நவம்பரில் கோத்தபாய ராஜபக்ஷ, தமிழ்ப் பிரதேசங்களில் பெருந் தோல்வியுற்றும், தென்னிலங்கை வாக்குகளாலேயே ஜனாதிபதியானார். ஒரே பொறி, ஒரே விதிகள், நேரெதிரான இரு விளைவுகள். பொறியின் அமைப்பு விளைவைத் தீர்மானிக்கவில்லை என்பதே இதிலிருந்து பெறப்படுவது. அன்றியும், சிறுபான்மையினரின் வாக்கால் வந்தோர் வந்தபின் என்ன செய்தனர் என்ற வினா, வாக்குக் கணக்கால் விடைகாண இயலாத வினாவாகும்.

எனினும் இந்நூலின் குறை அதன் எதிர்வுகூறல் பாதி பொய்த்தமையில் இல்லை. எதிர்காலத்தைச் சரியாகக் கூறாத காரணத்துக்காக எவரையும் குற்றங்கூறுதல் தகாது. நிகழ்காலத்தைப் பாராது விட்டமையே எமது முறைப்பாடு. அந்நூல் வெளிவந்த ஆண்டை நினைவுகூர்க. 1980 ஜூலையில் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த அரச, கூட்டுத்தாபன ஊழியர் ஏறத்தாழ 40,000 பேர் வேலையிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சிங்களத் தொழிலாளர். அதே ஆண்டு ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகள் பறிக்கப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டின் ஜூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேறியது. யாழ்ப்பாணத்தில் அவசரகாலநிலை பிரகடனம் செய்யப்பட்டது. ஆண்டிறுதிக்குள் அங்கு 'பயங்கரவாதத்தை' ஒழித்துவிடுமாறு இராணுவ அதிகாரி ஒருவருக்கு ஜனாதிபதி கட்டளையிட்டார். 1977 இல் திறக்கப்பட்ட பொருளாதாரம் அந்நிய மூலதனத்துக்கு உறுதிமொழி வழங்கவேண்டியிருந்தது. மலிவான, அடங்கிய உழைப்புப் படையும், பாராளுமன்றச் சச்சரவுக்குக் கட்டுப்படாத ஆட்சித் தலைமையுமே அவ்வுறுதிமொழியின் உள்ளடக்கம். நிறைவேற்று ஜனாதிபதிப் பதவி அதற்கு வாய்த்த கருவி.

தொழிற்சங்கத்தை நொறுக்கிய கையும் யாழ்ப்பாணத்தில் அவசரகாலநிலையை விதித்த கையும் வேறு வேறல்ல என்பதைக் காண்பதற்கு அந்நூலில் இடமில்லை. காரணம் ஆசிரியரின் நேர்மையின்மை அன்று. அவர் கைக்கொண்ட இலக்கிய வகையேயாகும். யாப்பு விளக்கம் என்பது ஓர் இலக்கிய வகை. அதில் வினைமுதல் எப்பொழுதும் நிறுவனமாகவே இருக்கும். ஜனாதிபதி 'தெரிவுசெய்யப்படுவார்', பாராளுமன்றம் 'கலைக்கப்படலாம்', மக்கள் 'வாக்களிப்பர்'. வேலைநிறுத்தக்காரன் நுழையத்தக்க வாக்கியம் அவ்வகையில் இல்லை. நாவலாசிரியர் ஒருவர் 1980 இன் கொழும்பைப் பற்றி எழுதி ரத்மலானைப் புகையிரதத் தொழிற்சாலையை விட்டுவிட்டால், அது எத்தகைய யதார்த்தவாதம் என நாம் கேட்டிருப்போம். அரசறிவியலாளரைக் கேட்பதில்லை.

இனி இரண்டாவது நூல். 'இலங்கையின் உடைவு' ஒரு கலப்பு வகை. பெரும்பகுதி வரலாற்றாய்வு, ஜயவர்த்தன ஆட்சிக்காலம் பற்றிய பகுதிகள் தாமே பங்குகொண்டவரின் சாட்சியம். வில்சனின் நூல்களுள் உயிர்ப்பு மிக்கது இதுவே என்பது எம் கணிப்பு. யாப்பு விளக்கத்தின் குளிர்ந்த நடை இங்கு இடையிடையே உடைகிறது. நம்பியவர் ஏமாந்த கதை ஆய்வின் ஊடே புகுந்து, அடிக்குறிப்புக்களால் மூடிமறைக்க முடியாத ஒரு மனத்தாங்கலை வெளிப்படுத்துகிறது. அறிஞர் சிலர் இதனை நூலின் பலவீனமாகக் கொள்வர். நாம் மாறாகக் கருதுகிறோம். ஜனாதிபதியைச் சந்தித்து, கூட்டணித் தலைவர்களைச் சந்தித்து, மீண்டும் கனடாவிலிருந்து விமானமேறி வந்து சந்தித்த ஒரு மனிதர், அதனை 'ஆய்வாளர்' என்ற முகமூடியோடு எழுதியிருப்பாராயின் அது பொய்யாக இருந்திருக்கும்.

அந்தச் சாட்சியத்தின் மையத்தில் இருப்பது மாவட்ட அபிவிருத்திச் சபைகளின் கதை. 1979 இல் விக்டர் தென்னக்கோன் தலைமையில் நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவில் வில்சனும் நீலன் திருச்செல்வமும் உறுப்பினராக இருந்தனர். பயங்கரவாதத் தடைச் சட்டம் பிறந்த அதே ஆண்டு அது என்பதை மறத்தலாகாது. 1980 இல் சட்டம் வந்தது. சபைகளுக்குப் பெயர் பெரிது, பணம் சிறிது. மாவட்டத்துக்கு மேலாக ஜனாதிபதி நியமித்த மாவட்ட அமைச்சர் அமர்ந்திருந்தார். 1981 ஜூன் 4 ஆம் திகதி தேர்தல். அதற்கு முன்னிரவுகளில் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்பதை இச்சஞ்சிகையின் வாசகர்க்கு நாம் கூறவேண்டியதில்லை. ஏறத்தாழ 97,000 நூல்களோடு பொதுசன நூலகம் எரிந்தது. அதிகாரப் பரவலாக்கத்தின் முதற் பரிசோதனைக்கு அரசு இட்ட முன்னுரை அது.

வில்சன் இவற்றைச் சொல்லாமல் விடவில்லை. ஆனால் அவர் சொல்லும் முறையில் அரசியல் என்பது சில கனவான்கள் ஓர் அறையில் கூடி ஒருவரையொருவர் இணங்கச் செய்யும் முயற்சியாகவே காட்சி தருகிறது. இணக்கம் தோற்றமைக்குக் காரணமும் அவ்வறைக்குள்ளேயே தேடப்படுகிறது: ஜனாதிபதியின் உறுதியின்மை, அவரைச் சூழ்ந்தோரின் கடும்போக்கு, வாக்குறுதிக்கும் செயலுக்குமிடையிலான இடைவெளி. இவை யாவும் உண்மையாகலாம். ஆயினும், அறைக்கு வெளியே வேலையிழந்த இளைஞன், திறந்த சந்தையால் நொடித்த சிறு உற்பத்தியாளன், இறக்குமதியால் விலை வீழ்ந்த வெங்காயத்தோடும் மிளகாயோடும் நின்ற வடபுலத்து விவசாயி ஆகியோரை என் செய்வது? ஆயுதமேந்திய இயக்கங்களில் சேர்ந்தோர் பலர் அவ்வீடுகளின் பிள்ளைகள். அவர்கள் நூலில் விளைவுகளாக வருகிறார்கள், காரணங்களாக வருவதில்லை. மாமனாரின் தலைமுறை தோற்றதால் மருமக்கள் தலைமுறை துப்பாக்கி ஏந்தியது என்ற குடும்பக் கதையின் சட்டகம், ஆசிரியர் விரும்பியோ விரும்பாமலோ, வரலாற்றின் சட்டகமாகிவிடுகிறது. இதுவே ஆலோசகரின் எல்லை என நாம் கருதுகிறோம். அரசனுக்கு அறிவுரை கூறுபவன் அரசனின் முகத்தை நன்கு காண்பான். தன் முதுகுக்குப் பின்னால் நிற்பவரைக் காணான்.

இவ்வளவும் கூறியபின், எமது மரபைச் சேர்ந்தவர்களை விட்டுவிட்டால் அது விமர்சனமாகாது. மார்க்சியம் கற்றோருக்கு இக்கண்ணோட்டக் குறை இல்லை எனக் கூற எமக்கு வாயில்லை. ஹரோல்ட் லாஸ்கியிடம் இலண்டனில் பயின்ற என். எம். பெரேராவும், வரலாற்றில் கலாநிதிப் பட்டம் பெற்ற கொல்வின் ஆர். டி சில்வாவும் இந்நாடு கண்ட இடதுசாரிகளுள் மிகக் கற்றோர். சிங்களம் மட்டும் சட்டத்தை 1956 இல் பாராளுமன்றத்தில் வன்மையாக எதிர்த்த அதே கொல்வின், 1972 இல் அமைச்சராக இருந்து ஆக்கிய குடியரசு யாப்பு, சிங்களத்தை யாப்புரீதியான அரசகரும மொழியாக்கியது. பௌத்தத்துக்கு முதன்மையிடம் வழங்கியது. 29ஆம் பிரிவைக் கைவிட்டது. ஜென்னிங்ஸின் வாசகம் பயனற்றது என்பதை மெய்ப்பிக்க, அவ்வாசகமும் இல்லாத யாப்பை மார்க்சியர் எழுதினர்! கூட்டரசாங்கத்தின் நிர்ப்பந்தம், ஏகாதிபத்திய எதிர்ப்பின் தேவை என அன்று கூறப்பட்ட சமாதானங்களை இன்றும் திருப்பிச் சொல்வோர் உளர். வர்க்கப் பகுப்பாய்வு கைவசம் இருந்தும் அமைச்சரவை அறைக்குள் நுழைந்ததும் அது வாசற்படியில் கழற்றிவைக்கப்பட்டது என்பதே எமது வாசிப்பு. வில்சனைக் குறைகூறும் எமது தகுதி இவ்விடத்தில் வெகுவாகக் குறைகிறது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

வேறொரு வழி இருந்ததா? இருந்தது. 1969 முதல் 1985 வரை கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் கற்பித்த குமாரி ஜயவர்த்தனவை இங்கு நினைவுகூர்தல் தகும். 1972 இல் வெளிவந்த இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்று நூலுக்கும், 1983 இன் வன்செயலுக்குப் பின் இன, வர்க்க முரண்பாடுகள் குறித்து அவர் எழுதிய கட்டுரைகளுக்கும் இடையில் ஒரு நேர்கோடு உண்டு. இரண்டாவதன் கேள்வி முதலாவதிலிருந்து பிறந்தது: தொழிலாளர் இயக்கத்தை வளர்த்த ஏ. ஈ. குணசிங்கவே 1930களின் நெருக்கடியில் மலையாளத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியது எவ்வாறு? 1883 இன் கொட்டாஞ்சேனைக் கலவரம், 1915 இன் முஸ்லிம் விரோதக் கலவரம் என நூறாண்டு பின்சென்று அவர் விடை தேடினார். இங்கு விளிக்கப்படுபவர் ஜனாதிபதி அல்லர். 'லங்கா கார்டியன்' போன்ற சஞ்சிகைகளை வாசித்த தொழிற்சங்கவாதி, ஆசிரியர், பெண்கள் இயக்கத்தவர் ஆகியோரே விளிக்கப்பட்டனர். கேட்பவர் மாறியதும் உரைநடையும் மாறியது. வாக்கியங்கள் குறுகின, நிறுவனங்களின் இடத்தில் மனிதர் வினைமுதலாயினர். 1977 இல் தோன்றிய சமூக விஞ்ஞானிகள் சங்கமும், 1971 கிளர்ச்சியில் பங்குகொண்டு சிறை சென்று மீண்டு பின்னர் கொழும்பு அரசறிவியல் துறையின் பேராசிரியரான ஜயதேவ உயன்கொட, சார்ள்ஸ் அபேசேகரவுடன் இணைந்து 1990களில் நடத்திய 'பிரவாத' சஞ்சிகையும் இம்மரபைத் தொடர்ந்தன. உயன்கொட சிங்களத்திலும் தொடர்ந்து எழுதியவர் என்பது முக்கியமானது. சிங்கள மாணவன் அரசின் தன்மை பற்றிய கோட்பாட்டுச் சொற்களைத் தன் மொழியில் எதிர்கொள்ள அது வழிசெய்தது.

தமிழில் நிலைமை யாது? 1960களின் தொடக்கத்திலிருந்து கலைப்பீடங்களில் சுயமொழியில் அரசறிவியல் கற்பிக்கப்பட்டு வருகிறது. ஆயினும், வில்சனின் பெருநூல்கள் எமது மாணவரை அடைந்தது விரிவுரைக் குறிப்பாகவே. பட்டப்படிப்புக் காலத்தில் துணைப்பாடமாக நாமும் அரசறிவியல் பயின்றோம். 1978 யாப்பின் 'சிறப்பியல்புகள்' இலக்கமிட்டுச் சொல்லப்பட, நாம் இலக்கமிட்டு எழுதினோம். எழுதியவர் யார், எந்த ஆண்டில், எந்த அறையிலிருந்து எழுதினார் என்பன குறிப்பில் இல்லை. ஒரு மனிதரின் நம்பிக்கையாக இருந்தது எம்மிடம் வந்துசேர்ந்தபோது பரீட்சை விடையாகியிருந்தது. விரிவுரையாளரைப் பழிப்பதற்காக இதனைக் கூறவில்லை. அவரும் அவ்வாறே குறிப்பெடுத்தவர்.

ஆங்கிலத்திலேயே எழுதினர் என அரசறிவியலாளரைக் கண்டிப்பது எளிது. நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே கண்டித்தோம். கொழும்பு ஏழில் வளர்ந்த வர்க்கத்தின் பழக்கம் அது என்றோம். அது பாதி உண்மை. மறுபாதியை உணர்த்துவது 'முறிந்த பனை'யின் வரலாறு. அந்நூலின் ஆசிரியர் நால்வரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள். இருவர் கணிதத் துறையினர், ஒருவர் உளமருத்துவர், மற்றையவர் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம. யாழ்ப்பாணத்தில் எழுந்த மிக அரசியல்தன்மை வாய்ந்த நூலை எழுதியோருள் அரசறிவியலாளர் எவருமிலர் என்பது நகைப்புக்குரிய தற்செயலா, அன்றி அத்துறையைப் பற்றிய செய்தியா? எவ்வாறாயினும், மூலம் ஆங்கிலமே. தமிழ் பேசுவோர் துப்பாக்கி ஏந்தியிருந்த ஊரில், தமிழில் எழுதப்படும் வரி அன்று மாலையே உரியவர் காதுக்கு எட்டும். ஆங்கிலம் வர்க்கத்தின் அடையாளம் மட்டுமன்று, சில வேளைகளில் ஒளிவிடமுமாகும். அவ்வொளிவிடமும் போதவில்லை. நூல் அச்சாகி வெளிவருமுன், 1989 செப்டெம்பர் 21 அன்று, ராஜினி தமது வீட்டுக்கருகில் சுட்டுக் கொல்லப்பட்டார். நீலன் திருச்செல்வம் 1999 ஜூலையில் கொழும்பில் கொல்லப்பட்டார். பொதுவிவகாரத்தில் ஈடுபடுக எனப் பல்கலைக்கழகத்தாரை அழைப்போர், அழைப்பின் விலை இவ்வாறும் அமைந்ததை மறைத்து அழைக்கலாகாது.

இதே காலத்தில் தமிழில் எழுதியோர் இல்லாமலில்லை. 'தினகரன்' ஆசிரியராக இருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்த க. கைலாசபதியின் உரைநடையில் பத்திரிகையின் தெளிவு இறுதிவரை இருந்தது. 1980களின் நடுப்பகுதியில் பிரசைகள் குழுக்களின் இணைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கிய கா. சிவத்தம்பி, அதிகாரிகளோடு மல்லுக்கட்டிய மாலைகளுக்கிடையிலும் விமர்சனம் எழுதினார். இவர்கள் தமிழ்த்துறையினர். எமது துறையை உயர்த்திக் காட்டுவதற்காக இதனைச் சொல்கிறோம் என எவரும் எண்ணவேண்டாம். அரசு பற்றிய கோட்பாட்டை இலக்கியகாரர் இரவல் பெற்றே பேசவேண்டியிருந்தமை அவர்களது எழுத்தின் குறையுமாயிற்று.

யுத்தம் 2009 இல் முடிந்தபின் அச்சம் வேறு வடிவம் கொண்டது. தமிழில் அரசியல் பத்தி எழுதும் வெளியும் விரிந்தது. இன்று எமது தினசரிகளின் ஞாயிறு இதழ்களில் கலாநிதிகளும் பேராசிரியர்களும் எழுதுகின்றனர். வரவேற்கத்தக்கது. ஆயினும் அப்பத்திகளுள் பெரும்பாலானவை உலக வரைபடத்தைச் சதுரங்கப் பலகையாக விரித்து, இந்தியா எங்கே காய் நகர்த்தும், சீனா எங்கே நகர்த்தும், அமெரிக்கா என்ன எண்ணுகிறது எனக் கணிப்பதிலேயே தீர்ந்துவிடுகின்றன. தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபா ஆகவேண்டுமென்ற போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டு 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்தது. இழுவைப் படகுகள் வடபுலத்து மீனவரின் வலைகளை அறுத்துச் செல்கின்றன. சாதியின் பெயரால் மயானத்தகராறுகள் தொடர்கின்றன. இவற்றுக்குப் பத்தியில் இடமில்லை. அவை 'சமூகப் பிரச்சினைகள்' எனப் பிரதேசச் செய்திப் பக்கத்துக்குச் செல்கின்றன. ஆலோசகர் மரபு இங்கும் மறையவில்லை. அரசனின் முகவரி மாத்திரமே மாறியுள்ளது. முன்னர் கொழும்பு; இப்பொழுது புதுடில்லியும் ஜெனீவாவும் வாஷிங்டனும். தமிழ் வாசகர் அருகில் நின்று ஒட்டுக்கேட்பவர்.

சென்ற தவணையில் உரைநடை பற்றிய பாடநெறியொன்றுக்காக வில்சனின் இரு நூல்களிலிருந்தும் சில பக்கங்களை நாம் தமிழாக்கி மாணவரிடையே விநியோகித்தோம். ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் மறைத்துவிட்டு, இரண்டையும் எழுதியவர் ஒருவரா இருவரா எனக் கேட்டோம். பெரும்பாலோர் இருவர் என்றனர். முதலாவதை எழுதியவர் அரசாங்கத்தில் உத்தியோகம் பார்ப்பவர் என்றும், இரண்டாவதை எழுதியவர் யாரோ ஒருவரோடு கோபமாயிருக்கிறார் என்றும் ஒருவர் சொன்னார். அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த மாணவி மாத்திரம் ஒருவரே எழுதியிருக்கலாம் என்றார். ஏன் என வினவியபோது, "இரண்டிலயும் சனம் வாக்குப் போட மட்டுந்தானே சேர் வருது" என்றார். நூல்களைக் கேட்டு வாங்கிச் சென்றார். நூலகத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியே உண்டு. இரண்டும் இன்னும் அவரிடமே இருக்கின்றன.